காசு போட்ட பெட்டி – 6: ஒற்றைக் கோடு

கறையான் அரித்த அடிப்பலகையை மாற்றி, காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டியை நிமிர்த்தி நிறுத்தியது வரை சென்ற வாரம் சொல்லியிருந்தேன். திருபுவனையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் வைத்து அதற்கு முதன்முதலாகக் கரெண்ட் கொடுத்த இரவு, திரையில் படம் வரவில்லை. நடுவில் படுக்கைவாட்டமாக ஒற்றைக் கோடு மட்டும் பளிச்சென்று நின்றது.

காசைப் போட்டேன். ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. பாதி பயம் அப்போதே போய்விட்டது. இந்தப் பெட்டிகளில் கேம் போர்டு தனி, மானிட்டர் தனி. 1985-ல் ஜப்பானில் வகுத்த 'ஜாமா' முறைப்படி, 56 முனைகள் கொண்ட ஒரே கனெக்டரில் போர்டு வந்து செருகிக்கொள்ளும். போர்டை மாற்றினால் விளையாட்டே மாறிவிடும். சத்தம் வருகிறது என்றால் போர்டு பிழைத்திருக்கிறது, பழுது மானிட்டரில்தான்.

மறுநாள் மதகடிப்பட்டிலிருந்து டிவி மெக்கானிக் அண்ணன் வந்தார். சாலிடேர், டயனோரா காலத்தில் தொழில் பழகியவர். வீடியோ கேம் பெட்டியை அதுவரை திறந்ததில்லை. ஆனால் நம் பழைய கலர் டிவி ஒரு விநாடிக்கு 15,625 கோடுகள் போட்டுத்தான் படத்தை வரைந்தது. இந்த மானிட்டர் போடுவதும் ஏறக்குறைய அதே கணக்குதான். பின்பக்கம் திறந்ததும், "நம்ம டிவிதானப்பா இது" என்றார்.

முதலில் பிரைட்னஸைக் குறைத்தார். வெளிச்சமெல்லாம் ஒரே கோட்டில் குவிந்தால் திரையின் பூச்சு அந்த இடத்தில் கருகிவிடும். பிறகு பிளக்கைப் பிடுங்கினார். நான் கையை உள்ளே நீட்டப் போனேன். "இரு தம்பி. பிளக்கப் புடுங்குனாலும் டியூபு கரெண்ட்ட உள்ள வச்சிருக்கும். முதல்ல அத இறக்கணும்" என்று தடுத்தார். ஓடும்போது கலர் டியூபின் ஆனோடில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் தண்டில் ஒயரைச் சுற்றி, மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் எர்த் பின்னலில் மாட்டினார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். ஆனோடின் ரப்பர் மூடிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை நுழைத்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம். சிறிது நேரம் விட்டு மறுபடியும் ஒருமுறை செய்தார். இறக்கிய பிறகும் கொஞ்சம் ஊறி வருமாம். வாசகர்கள் யாரும் இதைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேஸிஸைக் கழற்றித் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தோம். படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் ஐ.சி.யின் ஒரு காலைச் சுற்றி, ஈயத்தில் மயிரிழை வளையமாக ஒரு விரிசல். டிரை சால்டர். அந்த ஐ.சி. ஓடும்போது சுடும், நிறுத்தினால் ஆறும். வருடக்கணக்கில் விரிந்து சுருங்கியதில் ஈயம் விட்டுப்போயிருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார். தலை உப்பிய கண்டன்சர்களையும் மாற்றினோம். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கூடுதல், குறையவே கூடாது. வெப்பம் தாங்க 105 டிகிரி ரகம்.

மீண்டும் சுவிட்சைப் போட்டோம். கோடு மேலும் கீழுமாக விரிந்தது. 1991-ல் கேப்காம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' முழுத்திரையில் ஓடத் தொடங்கியது. அண்ணன் ஜாய்ஸ்டிக்கைத் தொடவே இல்லை. படத்தின் ஓரம் நேராக நிற்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் எலெக்ட்ரானிக் பூங்கா இருக்கிறது, பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால் இந்த டியூபைப் புதிதாகச் செய்துகொடுக்க இன்று இந்தியாவில் ஆலை இல்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு. அதைக் காப்பாற்றத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. காயலாங்கடையிலோ, டியூபின் கழுத்தில் இருக்கும் செம்புக் காயிலுக்காகக் கண்ணாடியை உடைத்துவிடுகிறார்கள். ஈயம் கலந்த கண்ணாடி அது, மண்ணுக்கும் கேடு.

உங்கள் வீட்டுப் பரணில் டியூப் டிவி கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் உங்கள் ஊர் டிவி மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.

(தொடரும்)