வாதாடவும் வழி வேண்டும்!

பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2025 மார்ச் 3-ஆம் தேதி தீர்ப்பளித்தது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குத் தடை விதித்திருந்த மத்திய பிரதேச விதியை நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு ரத்து செய்தது. அதே ஆண்டு மே 20-ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு வெளியானது. உரிமையியல் நீதிபதி பணிக்கு விண்ணப்பிப்போர் மூன்று ஆண்டுகள் வழக்குரைஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்றது அது.

முதல் தீர்ப்பு கதவைத் திறந்தது. அந்தக் கதவை அடையும் வழி வழக்குரைஞர் தொழில்தான் என்று இரண்டாவது தீர்ப்பு வரையறுத்தது. அந்த மூன்று ஆண்டுகளை ஒரு மாற்றுத்திறனாளி எங்கே, எப்படிக் கடப்பார்?

தமிழகத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பார்வையற்றவரான டி. சக்கரவர்த்தி 2009-ஆம் ஆண்டிலேயே இங்கு நீதிபதியானார். ஆனால், 2014-இல் உரிமையியல் நீதிபதி பணிக்கு அறிவிக்கை வெளியானபோது, பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பவர்களே மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களுக்குத் தகுதியானவர்கள் என வரம்பிடப்பட்டது. மத்தியப் புலனாய்வுத் துறையில் உதவி அரசு வழக்குரைஞராக இருந்த சுரேந்திர மோகனுக்கு 70 சதவீதக் குறைபாடு. நீதிமன்றத்தில் அரசுக்காக வழக்கு நடத்தத் தகுதி பெற்றவர், நீதிபதியாகத் தகுதியற்றவரானார். அந்த வரம்பு செல்லும் என்று 2019-இல் உச்சநீதிமன்றமும் கூறிவிட்டது. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில்தான், மாற்றுத்திறனாளிக்குத் தேவையான வசதியைச் செய்து தரும் கடமையைக் கருதாமல் அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டதாக உச்சநீதிமன்றமே சுட்டிக்காட்டியது.

நீதிபதி பதவியில் ஏற்பட்ட இந்த மாற்றம், அதற்கு முந்தைய படியான வழக்குரைஞர் தொழிலை இன்னும் எட்டவில்லை. தாம்பரத்தில் தொழிலைத் தொடங்கும் ஓர் இளம் வழக்குரைஞரை எண்ணிப் பாருங்கள். காலையில் தாம்பரம் அல்லது ஆலந்தூர் நீதிமன்றத்தில் வாய்தா. மறுநாள் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றம். அதற்கடுத்த நாள் மின்சார ரயிலில் கோட்டை நிலையம் வரை சென்று உயர்நீதிமன்றம். வழக்குக் கட்டுகளைச் சுமப்பது, நகல் மனு போடுவது, அழைப்பு வரும்போது அரங்கில் இருப்பது ஆகியவையே இளையவரின் அன்றாட வேலை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு ரயில் பெட்டியின் உயரமும், மின்தூக்கி இல்லாத மாடிப்படியும் சட்டத்தைவிடக் கடினமானவை. இவருக்கு ஓட்டம் முடியாது என்று எண்ணி மூத்தவர் ஒருவர் சேர்த்துக்கொள்ள மறுத்தால், அதை எதிர்த்து முறையிட எளிய வழியும் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசுப் பணியிடங்களில் 4 சதவீத இடஒதுக்கீடு தருகிறது. தனியொரு வழக்குரைஞரின் அலுவலகம் அதற்குள் வராது. பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளில் வேலை கிடைக்கலாம். ஆனால், முழுநேர ஊதியப் பணியில் இருப்பவர் வழக்குரைஞராகத் தொழில் செய்ய பார் கவுன்சில் விதிகள் இடம் தருவதில்லை. ஊதியம் வந்தால் நீதிமன்றம் போய்விடும்.

அடுத்த தடை காகிதத்தில் இருக்கிறது. பார்வையற்ற வழக்குரைஞர், எழுத்தைக் குரலாக்கித் தரும் கணினி மென்பொருளைக் கொண்டு படிக்கிறார். கீழமை நீதிமன்றங்களில் தாக்கலாகும் ஆவணங்களில் பல, கையெழுத்துப் படிகளின் ஒளிப்பட நகல்கள். தமிழ்த் தட்டச்சிலும் ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. இவற்றை அந்த மென்பொருளால் படிக்க இயலாது. எதிர்த்தரப்பின் பதில் மனுவைப் படிக்கவே இன்னொருவரின் கண்களை நம்ப வேண்டிய நிலை, திறமைக் குறைவால் வருவதன்று.

வசதி செய்து தந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. செவித்திறன் குறைபாடுள்ள வழக்குரைஞர் சாரா சன்னி, 2023-இல் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் உச்சநீதிமன்றத்தில் வாதிட்டார். தென்னாப்பிரிக்காவில் குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்த ஜாக் யாகூப், வழக்குரைஞராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகே, 1998 முதல் 2013 வரை அரசமைப்புச் சட்ட நீதிமன்ற நீதிபதியாக இருந்தார்.

மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று ஆண்டு நிபந்தனையிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்ற கருத்து எழக்கூடும். அது சிலருக்கு உதவலாம். ஆனால், நீதிபதி ஆக விரும்பாமல் வாதாடவே விரும்புபவருக்கு அது என்ன தரும்? தொழிலையே அணுகத்தக்கதாக மாற்றுவதுதான் நிலையான தீர்வு.

இளம் வழக்குரைஞர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ.20 ஆயிரமும், பிற இடங்களில் ரூ.15 ஆயிரமும் குறைந்தபட்ச உதவித்தொகை வழங்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூனில் கூறியது. மாற்றுத்திறனாளி இளையவரைச் சேர்த்துக்கொள்ளும் மூத்தவருக்கு, இத்தொகையின் ஒரு பகுதியை அரசும் பார் கவுன்சிலும் ஈடுசெய்யலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 மாற்றுத்திறனாளிகளை இலவச சட்ட உதவி பெறும் உரிமையுள்ளவர்களாகப் பார்க்கிறது. அந்த உதவியை வழங்கும் வழக்குரைஞர் பட்டியலிலும், அரசு வழக்குரைஞர் நியமனங்களிலும் அவர்கள் போதிய எண்ணிக்கையில் இடம்பெற வேண்டும். மனுக்களை ஒருங்குறியில், தேடிப் படிக்கத்தக்க வடிவில் தாக்கல் செய்வதைக் கட்டாயமாக்குவதற்குப் பெரும் செலவு ஆகாது. வாய்தா மட்டுமே பெற வேண்டிய நாள்களில் காணொலி வழியே ஆஜராகும் வசதி தாலுகா நீதிமன்றம் வரை கிடைக்க வேண்டும்.

பெருங்குடியிலும் புதுப்பாக்கத்திலும் சட்டம் பயிலும் மாற்றுத்திறனாளி மாணவர்கள், மற்றவர்களைப் போலவே பட்டமும் கறுப்பு அங்கியும் பெறுவார்கள். அதன் பிறகு அவர்கள் ஏறிச் செல்லும் நீதிமன்றப் படியில் ஒரு சாய்தளம் இருக்குமா என்பதைப் பொறுத்தே 2025 மார்ச் தீர்ப்பின் பயன் அமையும்.