முதற்புலவர் ஒரு பெண்

பெயர் அறியப்பட்ட உலகின் முதல் நூலாசிரியர் ஒரு பெண் என்பதே அறிஞர் பலரின் கருத்தாகும். இற்றைக்கு ஏறத்தாழ 4300 ஆண்டுகளின் முன், இன்றைய ஈராக்கிலுள்ள ‘ஊர்’ என்ற நகரில் (நமது சொல்லை ஒத்திருப்பது தற்செயலே) சந்திரக் கடவுளின் தலைமைப் பூசாரியாக விளங்கிய என்ஹெதுவன்னாவே அவர். 1927இல் அங்கு நிகழ்ந்த அகழ்வில் அவரது பெயர் பொறித்த வட்டக்கல் கிடைத்தது. பதவியிழந்து துரத்தப்பட்ட துயரைக் கூறும் பாடலொன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

அரபு இலக்கியத்திலும் இரங்கற்பாவின் உச்சத்தில் நிற்பவர் ஒரு பெண்ணே. குலப்பூசலில் மாண்ட சகோதரன் ஸக்ரைப் பாடிய கன்ஸா (ரழி), பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார்.

தமிழில் ஔவையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார் எனச் சங்கப் பெண்பாற் புலவர் பலர். ஔவையார் பெயரில் மாத்திரம் 59 பாடல்கள் உள. அதியமான் மறைவுக்கு அவர் பாடிய கையறுநிலை பெரிதும் போற்றப்படுவது. தந்தையையும் குன்றையும் இழந்து பாடியோரையோ புறநானூறு ‘பாரி மகளிர்’ என்று மட்டுமே குறிக்கின்றது. அங்கவை, சங்கவை என்பன பிற்கால வழக்கு. பாடல் எஞ்சியது, பெயர் எஞ்சவில்லை.

நாயாறு போன்ற நெய்தற் கிராமங்களின் ஒப்பாரிக்கும் இதே கதிதான். 2004இன் கடற்கோளையும் 2009இன் இறுதிப் போரையும் கண்டது முல்லைத்தீவுக் கரை. அங்கு அழுது பாடிய தாய்மார் முதுமையெய்தி வருகின்றனர். நாட்டார் பாடல்களைத் தொகுக்கும் நம் பல்கலைக்கழகத்தார், பாடியவர் இசைந்தால், பாடலுடன் அவரது பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றையும் எழுதிவைத்தல் வேண்டும்.