கிண்ணமும் கயிறும்

தெருநாய்கள் தொடர்பாக 2025 ஆகஸ்ட் 22-இல் உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு நாடெங்கும் விவாதப்பொருளானது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடுவது, அவற்றுக்கு உணவளிக்கத் தனி இடங்களை ஒதுக்குவது ஆகியவை குறித்துப் பலரும் பேசினர். வீட்டு நாய்களைப் பற்றிய பேச்சு மட்டும் அதில் அரிதாகவே இருந்தது. தெருவில் திரிபவற்றுள் ஒரு பகுதி, ஏதோ ஒரு வீட்டில் ஆசையாய் வளர்க்கப்பட்டுக் கைவிடப்பட்டவை. அல்லது அவற்றின் வழிவந்தவை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நாய் வளர்ப்பில் இருவகை வழக்கங்களைக் காண்கிறேன். வயல்சூழ்ந்த ஊர்களில் நாய் தன்போக்கில் திரிந்து, மீந்த சோற்றை உண்ணும். நகர்ப்புறத்தில் புதிதாக எழுந்துள்ள மனைப்பிரிவுகளிலோ, நாள் முழுவதும் வாசலில் சங்கிலியில் கிடக்கும். முதல் வழக்கத்தில் கயிறு இல்லை. இரண்டாவதில் நடை இல்லை. கட்டியே கிடக்கும் நாய் அவிழ்ந்த அன்று என்ன செய்யும் என்பதை அக்கம்பக்கத்தார் அறிவார்கள்.

குட்டி வீட்டுக்கு வந்த முதல் சில மாதங்களிலேயே இதை மாற்றிவிட முடியும். அதற்குத் தேவை நேரம் தவறாத உணவும், நேரம் தவறாத நடையும்தான்.

மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை உணவு என்பது பொதுவான முறை. வைத்த உணவைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நாள் முழுவதும் கிண்ணம் நிறைந்திருந்தால், குட்டி எப்போது உண்ண மறுத்தது என்பதே தெரியாமல் போகும். பசியின்மை நோயின் முதல் அறிகுறிகளுள் ஒன்று. உண்ட சிறிது நேரத்தில் குட்டி மலம் கழிக்கும் என்பதால், உணவு நேரம் நிலைப்பட்டால் வெளியே அழைத்துச் செல்லும் நேரமும் தானாகவே நிலைப்பட்டுவிடும்.

நம் வீடுகளில் குட்டிக்கு முதலில் நினைவுக்கு வருவது பாலும் தயிர்சாதமும். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. மாட்டுப்பால் மிகுந்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும். தயிர்சாதம் வயிற்றை நிரப்பும். ஆனால், வளரும் உடலுக்கு வேண்டிய புரதத்தை அது மட்டுமே தந்துவிடாது. வேகவைத்த முட்டையோ எலும்பு நீக்கிய இறைச்சியோ சேர்ந்தால் நல்லது. வெந்த கோழி எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

தமிழகத்தில் சின்ன வெங்காயம் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூரும் ஒன்று என்பதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் நஞ்சு நீங்காது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வரை உண்டாலே பாதிப்பு தோன்றலாம். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு நான்கைந்து சின்ன வெங்காயம் அந்த அளவை எட்டிவிடும். மீந்த சாம்பார் சாதம் குட்டிக்கு ஆகாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

நடையில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்காட், ஃபுல்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்ட நூல், ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை நாய்க்குட்டி உலகத்தோடு பழகும் பருவம் என்று காட்டியது. அப்போது காணாதவற்றைக் கண்டு அது பின்னாளில் அஞ்சும். அச்சமே பெரும்பாலும் கடியாகிறது. ஆனால், பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசித் தொடர் முடிய ஏறத்தாழ 16 வாரங்கள் ஆகும். பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். ஆகவே தடுப்பூசி முடியும் வரை, பிற நாய்கள் நடமாடும் மண்ணில் குட்டியை இறக்காமல், கையில் தூக்கிச் சென்று ஊரைக் காட்டுவதே வழி. அரியலூரில் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் இரைச்சலைக் கைப்பிடியில் இருந்தபடி கேட்டுப் பழகிய குட்டி, பிறகு அந்த ஓசைக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு சாலையில் பாயும் வாய்ப்பு குறைவு.

அதே வாரங்களில் வீட்டுக்குள் கழுத்துப்பட்டையைப் பழக்கலாம். சில நாள்கள் பட்டை மட்டும். பிறகு கயிற்றை மாட்டிக் கண்காணிப்பில் இழுத்துத் திரியவிடலாம். அதன் பிறகே மறுமுனையை நம் கையில் பிடிக்க வேண்டும். குட்டி இழுத்தால் நின்றுவிடுவது, கயிறு தளர்ந்தால் நடப்பது, இவ்வளவே பயிற்சி. வெடுக்கென்று சுண்டி இழுப்பது கழுத்துக்கும் கேடு, நம்பிக்கைக்கும் கேடு. வயதில் ஒரு மாதத்துக்கு ஐந்து நிமிட நடை என்று ஒரு கைக்கணக்கு உண்டு. நான்கு மாதக் குட்டிக்கு ஒரு தடவைக்கு 20 நிமிடம். கோடையில் சூரியோதயத்தை ஒட்டியோ, அந்தி சாய்ந்து தரை ஆறிய பிறகோ நடப்பது நலம். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு வினாடி வைக்க முடியவில்லை என்றால், குட்டியின் பாதமும் அதைத் தாங்காது.

பொருளியலில் 'புறவிளைவு' என்றொரு கருத்து உண்டு. ஒருவர் செய்வதன் அல்லது செய்யத் தவறுவதன் விலையைத் தொடர்பில்லாத வேறொருவர் செலுத்துவது. தடுப்பூசி போடாத, கயிறு பழகாத நாய் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மனிதருக்கு வரும் ரேபிஸ் நோயில் 99 விழுக்காடு நாய்களால் பரவுவதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. பள்ளி செல்லும் சிறுவன் அந்த விலையைச் செலுத்தக்கூடும். நாயின் உரிமையாளருக்கோ ஓர் ஊசியின் செலவு மிச்சம். வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்போருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு இடமளிக்கிறது. எனினும், கடித்த பிறகு வரும் சட்டத்தைவிட மூன்றாவது மாதத்தில் போடும் ரேபிஸ் தடுப்பூசி மலிவானது. அதை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும்.

பெட்டைக்குட்டி ஆறு மாதத்திலேயே பருவமடையக்கூடும். வேண்டாத குட்டிகள் பிறந்து தெருவுக்குப் போவது பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது. கருத்தடைக்கு ஏற்ற காலம் எது என்பதை அந்த முதல் ரேபிஸ் ஊசியின்போதே கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.