கடற்காற்றும் கணவாய்க் காற்றும்
நடுப்பகலில் மணல் சூடேறியதும் மாமல்லபுரக் கரையில் கடற்காற்று வீசத் தொடங்கும், இரவில் தளர்ந்துவிடும். உடம்புக்கு இதம்தான், ஆனால் பெரிய காற்றாலைக்கு இது போதாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும்! அந்த வேகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு, முப்பந்தலில் சீறிக்கொண்டு வெளிப்படும். அங்கே இறக்கைகள் சுழல, கோபுர உச்சியிலுள்ள பெட்டிக்குள் ஜெனரேட்டர் மின்சாரம் தரும். புகையில்லை, சாம்பலில்லை.

தமிழகத்தில் 1986-லேயே தூத்துக்குடிப் பக்கம் காற்றாலைகள் நிறுவப்பட்டன. மே முதல் செப்டம்பர் வரை நல்ல விளைச்சல். மற்ற மாதங்களில் அனலும் அணுவும் சூரியனும் கைகொடுக்க வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையமும் தென்மாவட்டக் காற்றாலைகளும் ஒரே மின்தொகுப்பில் இணைந்தவை. காற்றுக் காலத்தில் செங்கல்பட்டு வீடுகளின் விளக்கொளியிலும் அந்தக் காற்றுக்குப் பங்குண்டு.