கட்டிளமைப் பருவமும் ‘நான் யார்?’ என்னும் வினாவும்

கட்டிளமைப் பருவத்தினர் தம்மைத் தாமே அறிய முயல்வது எந்நாட்டுக்கும் பொதுவான இயல்பு. எதனைக் கொண்டு அறிகின்றனர் என்பதோ அவரவர் பண்பாட்டைப் பொறுத்தது. ‘நான் யார்?’ என்னும் வினாவுக்கு இருபது விடைகள் எழுதுவிக்கும் சோதனையொன்றைக் கூன், மக்பாட்லண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1954 ஆம் ஆண்டில் வகுத்தனர். அச்சோதனையைக் கொண்டு கென்யாவில் நடத்திய ஆய்வொன்று 1997 இல் வெளிவந்தது. மசாய், சம்புரு மக்கள் தம்மைக் குலத்தாலும் உறவாலுமே பெரிதும் சுட்டினர். நைரோபி நகரிற் கற்ற மாணவரின் விடைகளோ அமெரிக்க மாணவரின் விடைகளுக்கு அண்மையில் நின்றன. ஆதலின் பண்பாடென்பது குருதியோடு வந்து மாறாதிருப்பதொன்றன்று.

உருத்திரபுரத்தில் இச்சோதனை தெருவிலேயே நிகழ்கின்றது. புதிதாய்க் கண்ட பிள்ளையை முதியோர், “தம்பி, நீர் ஆற்றை பிள்ளை? பூர்வீகம் எவ்விடம்?” என வினவுவர். பெயரைப் பின்னரே கேட்பர். இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடியேறியோரின் பேரன், தான் ஒருநாளும் வாழ்ந்திராத யாழ்ப்பாணத்து ஊரொன்றைத் தன் ஊரெனச் சொல்வான். 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தோரின் பேரன் சற்றே தயங்குவான். அதனை வெறுங் கூச்சமெனக் கொள்வது பிழை. எவ்விடைக்கு எவ்வளவு மதிப்பென்பதை அவன் முன்னரே அறிந்துவிட்டான்.

உறவாலும் ஊராலும் ஒருவன் தன்னை அறியுமிடத்து, அவற்றை இழத்தல் புறத்தே நேரும் இழப்பு மட்டுமன்று. ‘நான்’ என்பதிலேயே ஒரு கூறு குறைகின்றது. 2008 இன் பிற்பகுதியிற் கிளிநொச்சிப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்தபின் முகாம்களில் இருந்தே மீண்டனர். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடபுலம் பற்றிய தம் ஆய்வுகளிற் கூட்டு மனவடு என்னும் கருத்தை வற்புறுத்தினார். தனியாளின் நோயை மட்டும் நோக்குவோர்க்குக் குடும்பமும் ஊரும் சிதைந்தமை புலப்படாது என்பது அதன் சாரம். இன்று மேல்வகுப்புக்களிற் பயில்வோருட் பலர் அக்காலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள். தந்தையை நிழற்படத்தில் மட்டுமே கண்ட பிள்ளைக்கு, “நீர் ஆற்றை பிள்ளை?” என்பது எளிய வினாவன்று.

வகுப்பில் ‘நான்’ என்னும் பொருளிற் கட்டுரை எழுதுமாறு பணித்தால், “நான் அம்மம்மாவின் பிள்ளை” எனத் தொடங்குவோரும் உளர். அவ்வரியை வெட்டிவிட்டு விருப்பங்களையும் இலட்சியத்தையும் எழுதுவிக்க ஆசிரியர் விரைதல் கூடாது. அம்மம்மாவைப் பற்றியே முதலில் இரண்டு பக்கம் எழுதட்டும்.