கம்பியற்ற வலையமைப்புகளின் இரட்டைப் பெயர்கள்

கம்பியற்ற வலையமைப்பின் இரட்டைப் பெயர் என்பது, கணினியின் வை-ஃபை பட்டியலில் ஒரே பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தோன்றுவதைக் குறிக்கும். சில வேளைகளில் பெயரின் இறுதியில் 2, 3 போன்ற எண்கள் சேர்ந்திருக்கும்.

பெயரும் அடையாளமும்

1997 ஆம் ஆண்டு வெளியான ஐ.இ.இ.இ 802.11 சீர்தரத்தின்படி, வலையமைப்பின் பெயர் எஸ்.எஸ்.ஐ.டி எனப்படும். இதன் நீளம் அதிகபட்சம் 32 பைட்டுகள் ஆகும். இப்பெயரை எவரும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எனவே இரு வீட்டார் ஒரே பெயரை வைத்துக்கொள்ள இயலும். அலைபரப்பும் கருவியை வேறுபடுத்திக் காட்டுவது பி.எஸ்.எஸ்.ஐ.டி எனப்படும் 48 பிட்டு முகவரியாகும்.

காரணங்கள்

* அண்டை வீட்டாரும் ரவுட்டரின் ஆலைப் பெயரை மாற்றாதிருத்தல்.
* ஒரே பெயரில் இயங்கும் 2.4, 5 கிகா ஏர்ட்சு அலைவரிசைகளின் பாதுகாப்பு முறைகள் வேறுபடுதல்.
* ரவுட்டரை மாற்றிய பின் பழைய பெயரையே இடுதல். விண்டோஸ் இதைப் புதிய வலையமைப்பாகக் கருதி, எண்ணைச் சேர்க்கக்கூடும்.

அலைநீட்டிப்பான் உள்ள வீடுகளில் ஒரே பெயரை வேண்டுமென்றே இடுவதுண்டு, அது பிழையன்று.

இடர்கள்

தானாக இணையும்படி அமைத்த கணினி, பெயரையும் பாதுகாப்பு முறையையும் கொண்டே வலையமைப்பை இனங்காண்கிறது. ஆகவே கடவுச்சொல் இல்லாத வலையமைப்பின் பெயரில் வேறொருவர் அலைபரப்பினால், கணினி அதனுடன் இணைந்துவிடக்கூடும். மேலும், டபிள்யூ.பி.ஏ2 தனிநபர் முறையில் மறைக்குறியீட்டுத் திறவுகோல் கடவுச்சொல்லையும் வலையமைப்பின் பெயரையும் சேர்த்தே கணிக்கப்படுகிறது. பரவலான ஆலைப் பெயர்களுக்கு முன்கூட்டியே கணித்த அட்டவணைகளைக் கொண்டு எளிய கடவுச்சொற்களை விரைவில் கண்டறிய இயலும்.

சரிசெய்தல்

# ரவுட்டரையும் அலைநீட்டிப்பானையும் அணைத்துவிட்டுப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். பெயர் அப்போதும் தெரிந்தால் அது வேறொருவருடையது.
# கணினியில் சேமிக்கப்பட்ட பழைய இணைப்புகளை நீக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இது அமைப்புகளின் வை-ஃபை பகுதியில் உள்ளது.
# ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தனித்துவமான பெயரை இட வேண்டும். பெரும்பாலும் அதன் முகவரி 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். வீட்டு எண், குடும்பப் பெயர் ஆகியவற்றைத் தவிர்த்தல் நன்று.
# எல்லாக் கருவிகளையும் புதிய பெயரில் மீண்டும் இணைக்க வேண்டும்.

தமிழிலும் பெயரிடலாம். யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு ஒருங்குறிக் குறியும் 3 பைட்டுகளைக் கொள்வதால், 10 குறிகளுக்கே இடமுண்டு. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். சில பழைய கருவிகளில் தமிழ்ப் பெயர் சரியாகத் தெரியாது.