விமான நிலையத்துக்குப் பங்கு வண்டி: கட்டுபடியாகுமா?

ஒரு காலத்தில் பம்பாய்க்குக் கொள்முதலுக்குப் போகும் வியாபாரி தாதர் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துவிடுவார். இன்று வாஷி மார்க்கெட்டுக்கோ டில்லி காரி பாவ்லிக்கோ முந்திரி, பாதாம், மசாலா சரக்கு பார்க்கப் போகிறவர் விடியற்காலை விமானம் ஏறி, மறுநாள் இரவு கடைக்குத் திரும்பிவிடுகிறார். முன்கூட்டியே எடுத்தால் விமான டிக்கெட்டும் எட்டாத விலையாக இல்லை. ஆனால் வீட்டு வாசலிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரும் செலவை நம்மில் பலர் கொள்முதல் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வெளியூர் உறுப்பினர் தனியாக ஒரு காரை அமர்த்திப் போய்வந்தால், சில நேரம் டிக்கெட்டை விட வாடகை அதிகமாகிவிடுகிறது. ஆகவே, நாலு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போனால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்பு. அது எப்போது கட்டும், எப்போது கட்டாது என்பதைப் பார்ப்போம்.

லாரி வாடகை பேசிப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமல்ல. முழு லோடு பேசினால் வண்டி நம் சொல்லுக்குக் கிளம்பும், காசு கூடுதல். பார்சல் ஆபீசில் போட்டால் காசு குறைவு. ஆனால் லாரி நிறையும் வரை மூட்டை குடோனில் கிடக்கும். பங்கு வண்டியும் அப்படியே. வாடகையைப் பங்கு போடும்போது நேரத்தையும் சேர்த்தே பங்கு போடுகிறோம். மூட்டை காத்திருந்தால் கெடுதல் இல்லை. விமானம் நமக்காகக் காத்திருக்காது.

கணக்கைப் பாருங்கள்

விழுப்புரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து மீனம்பாக்கம் ஏறக்குறைய 145 கி.மீ. போக வர 290 கி.மீ. ஒரு கி.மீ.க்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா 400 ரூபாய், சுங்கமும் பார்க்கிங்கும் சேர்த்து மொத்தம் 4,900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர் விலை மாறும்; இது கணக்குப் புரிவதற்காக.) ஒருவழி மட்டும் பேசும் டிராப் டாக்சி என்றால் அதே தூரத்துக்கு 2,800 ரூபாய் ஆகும் என்று கொள்வோம். வண்டி திரும்பி வருவதற்கும் டீசல் வேண்டுமே, அவர்களுக்கு எப்படிக் கட்டும்? திரும்பும் வழியில் வேறு சவாரி பிடித்துக்கொள்வார்கள். நம் லாரிக்காரர் ரிட்டர்ன் லோடு தேடுவது போலத்தான்.

தனியாகப் போகிறவருக்கு 2,800. நாலு பேர் போனால் தலைக்கு 700. இதில் சந்தேகமில்லை, லாபம்தான். இங்கிருந்துதான் சிலர் அடுத்த யோசனைக்குப் போகிறார்கள். காலையில் நாலு பேரை இறக்கிவிட்ட வண்டியே, அன்று ஊர் திரும்பும் மூன்று பேரை ஏற்றி வந்தால் என்ன என்கிறார்கள். அதையும் போட்டுப் பார்ப்போம். 4,900 ரூபாயை ஏழு பேர் பங்கிட்டால் தலைக்கு 700. போக ஒரு டிராப், வர ஒரு டிராப் என்று தனித்தனியாகப் பேசினால் 5,600 ரூபாய்; ஏழு பேருக்குத் தலைக்கு 800. ஆக மிச்சம் நூறு ரூபாய். அந்த நூறு ரூபாய்க்காக, வருகிற விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் வெயிட்டிங் சார்ஜ் யார் கொடுப்பது என்ற வழக்கை விலைக்கு வாங்குகிறோம். போகிற நேரமும் வருகிற நேரமும் ஒரு மணிக்குள் பொருந்தி வந்தால் ஒழிய, இந்த ஏற்பாடு வேண்டாம் என்பதே என் கருத்து.

போகும் வழியிலும் இதே அளவுகோல்தான். ஒருவர் விமானம் காலை 6 மணிக்கு, மற்றவர் விமானம் 9 மணிக்கு என்றால், இரண்டாமவர் 2,100 ரூபாய் மிச்சம் பிடிக்க மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். அவருக்குச் சம்மதமென்றால் சரி. ஆனால் புறப்படும் நேரத்தை முதல் விமானத்துக்குரியவர்தான் நிர்ணயிக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

நேரத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

விமானம் 6 மணி என்றால் நமக்கு 6 மணி அல்ல. உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடுகின்றன. ஆக 5 மணிக்குக் கதவு அடைத்தாயிற்று. வாசல் சோதனை, வரிசை எல்லாம் கருதி 4.15க்கு அங்கே இருக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து இரவில் இரண்டரை மணி நேரம், பஞ்சர், டீ, பரனூர் சுங்கச் சாவடி என்று இன்னும் அரை மணி. எனவே ஊர் எல்லையை 1.15க்குத் தாண்டியாக வேண்டும். நாலு வீட்டு வாசலில் ஏற்றினால் வீட்டுக்குப் பத்து நிமிடம் போகும். ‘இதோ வந்துட்டேன் அண்ணாச்சி, ரெண்டே நிமிஷம்’ என்பவர் எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு. ஒருவர் பத்து நிமிடம் தாமதித்தால் தவறுவது நாலு டிக்கெட். ஆகவே வீடு வீடாக ஏற்றுவதை விட்டு, கடைவீதியில் ஒரே இடத்தில் எல்லோரும் 12.45க்குக் கூடிவிடுவது நல்லது.

தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நாட்களிலும், விடுமுறை முடிந்து சனங்கள் சென்னை திரும்பும் மாலைகளிலும் இந்தக் கணக்கு செல்லாது. கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர் பக்கம் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அன்று ரயிலை நம்புவது மேல். பெருமழை நாளில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் விமானக் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் பல நாள் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள்.

எந்த வண்டியில் ஏறுவது?

வாடகையை விட முக்கியமானது இது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகைக்கு அனுமதி பெற்ற வண்டி. மின்சாரக் கார் என்றால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி. ‘தெரிந்த பையன், சொந்தக் கார்தான், ஐந்நூறு குறைத்து வருவான்’ என்று வெள்ளைப் பலகை வண்டியில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தக் காருக்கான இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் பாதுகாப்பு இல்லை என்ற நிபந்தனை அதில் இருக்கும். நடு ராத்திரியில் ஏதாவது நேர்ந்துவிட்டால், நஷ்ட ஈடு கேட்டு நம் குடும்பம் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதாகிவிடும். குறைத்த ஐந்நூறு அங்கே உதவாது. உறுப்பினர் ஒருவர் தம் காரில் நண்பர்களைக் காசு வாங்காமல் அழைத்துப் போவது வேறு விஷயம்.

டாக்சியில் தலைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக வாங்கலாமா, அது பஸ் ஓட்டுவது போல ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். 1988 ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம், ஒப்பந்த வண்டிக்கு விளக்கம் சொல்லும் இடத்தில், பயணிகளிடம் தனித்தனிக் கட்டணம் வாங்கினாலும் மோட்டார் கேப் ஒப்பந்த வண்டிதான் என்று சொல்கிறது. டிரைவர் நீங்கலாக ஆறு பேர் வரை ஏற்றும் வாடகைக் கார் மோட்டார் கேப். எனவே மஞ்சள் பலகை வண்டியில் பங்கு போட்டுப் போவதில் தயக்கம் வேண்டாம்.

வண்டி பேசும்போது டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். சி.என்.ஜி. வண்டிகளில் டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டரே எடுத்துக்கொள்ளும். நாலு பேர், நாலு பெட்டி என்றால் சின்னக் காரில் இடம் பற்றாது. சாம்பிள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு 145 கி.மீ. போக முடியாது. பெரிய வண்டி பேசி ஆறு பேராகப் போனால் தலைக்கு ஏறக்குறைய அதே விலைக்கு வரும். இன்னொன்று, பகல் முழுதும் ஓட்டிய டிரைவரை இரவில் அனுப்ப வேண்டாம் என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன் சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது.

ஜி.எஸ்.டி. சாலையில் போய்விட்டு ஜி.எஸ்.டி. பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பில்லை யார் கடைப் பெயரில் போடுவது என்று சண்டை வேண்டாம். பயணியர் கார் வாடகைக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க, டாக்சித் தொழில் செய்பவர் போன்ற சிலர் தவிர மற்றவர்களை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அனுமதிப்பதில்லை. ஒருவர் பெயரில் பில் வாங்கி, மற்றவர்கள் நகலில் தம் பங்கை எழுதிப் பயணச் செலவில் வைத்துக்கொண்டால் போதும்.

காரே வேண்டாத வழி

தனியாகப் போகிறவருக்கு டாக்சி தேவையா என்பதே என் கேள்வி. சென்னை நகருக்குத் தெற்கே இருக்கிறது மீனம்பாக்கம். தெற்கிலிருந்து வருகிறவர் எழும்பூர் வரை போய்த் திரும்பி வருவது வீண். தென் மாவட்ட இரவு ரயில்கள் பல விடியற்காலையில் தாம்பரத்தில் நிற்கின்றன. அங்கிறங்கி மின்சார ரயிலில் நான்காவது ஸ்டேஷன் திரிசூலம். டிக்கெட் 5 ரூபாய்தான். எதிரிலேயே விமான நிலையம், சாலையைக் கடக்கச் சுரங்கப் பாதை உண்டு. ஆனால் படி ஏறி இறங்க வேண்டும், கனத்த பெட்டிக்கு இது ஒத்துவராது. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு, 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம் விமான நிலையத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. அங்கிருந்து மாநகரப் பஸ்ஸோ, நாலு பேர் சேர்ந்த ஆட்டோ, டாக்சியோ போதும். பங்கு வண்டி உண்மையாகவே கட்டுவது இந்தக் குறுகிய தூரத்தில்தான். ஏறும்போதே ஆளைப் பார்த்துச் சேரலாம், யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

சென்னைக்குள் இருப்பவர்களுக்கு மெட்ரோ ரயில்தான் பெரிய பங்கு வண்டி. விமான நிலையத்துக்கு 2016 செப்டம்பரில் வந்தது. 2019 பிப்ரவரியில் சென்ட்ரல், மண்ணடி, வண்ணாரப்பேட்டை வரை ஒரே பாதையாக இணைந்தது. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் கடை வைத்திருப்பவர் மண்ணடியில் ஏறினால் மாறாமல் முக்கால் மணியில் போய்விடலாம். கோயம்பேடு வியாபாரிகள் ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம். ஆனால் விடியற்காலை 5 மணிக்கு முன்னும் இரவு 11க்குப் பின்னும் மெட்ரோ இல்லை. 6 மணி விமானத்துக்கு அது உதவாது.

செல்போன் செயலியில் முன்பின் தெரியாதவர்களோடு பங்கு போடும் முறை 2015ல் நம் நாட்டுக்கு வந்தது. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் கம்பெனிகள் அதை நிறுத்தின. விமானம் பிடிக்க அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். தனியாகப் பேசும் செயலி வண்டிக்கும் அவசர நேரத்தில் விலை ஏறும். 2020ல் மத்திய அரசு வெளியிட்ட வழிமுறை அடிப்படைக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்கு வரை அனுமதித்தது. 2025 ஜூலையில் அதை இரண்டு மடங்காக்கினார்கள். மாநில அரசு ஏற்றால்தான் அது இங்கே செல்லும் என்றாலும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

திரும்பி வரும்போது

விமானம் இறங்கும் நேரமும் நாம் வெளியே வரும் நேரமும் ஒன்றல்ல. பெட்டி வர அரை மணி, வெளிநாட்டிலிருந்து என்றால் குடியேற்றம், சுங்கச் சோதனை சேர்த்து ஒரு மணிக்கு மேலும் ஆகும். டிரைவரிடம் வெளியே வரும் நேரத்தைச் சொல்லுங்கள். சீக்கிரம் வந்து உள்ளே நின்றால் பார்க்கிங் கட்டணம் நம் தலையில்தான் விழும். எந்த முனையம் என்பதை டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். ப்ரீபெய்டு கவுண்டரில் வண்டி எடுத்தால், வீட்டு வாசலில் இறங்கும் வரை ரசீது நம் கையிலேயே இருக்கட்டும்.

சேர்ந்து திரும்புகிறவர்கள் ஒரு விஷயத்தைப் புறப்படும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். ஒருவர் விமானம் தாமதமானால் மற்றவர்கள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? முக்கால் மணி என்று வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் போனால் வண்டி கிளம்பிவிடும், தாமதமானவர் தம் பங்கைக் கொடுத்துவிட்டுக் கிளாம்பாக்கம் போய்ப் பஸ் பிடிக்க வேண்டியதுதான்.